இடிந்த பிறகு வந்த பதினைந்து கோடி

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் பலர் அதைப் பிரெஞ்சுக்காரர் கட்டியது என்றே நம்புகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1870-71-இல் கட்டிய நகராட்சி மாளிகை 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்துவிட்டது. இன்று நிற்பது அதே சாயலில் எழுப்பிய புதுக் கட்டடம். உலக வங்கி உதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டத்தில், ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவில் முடிந்த அதை, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார்.

இதைப் போலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இடிந்த இடத்தில் கண்ணாடி பதித்த அடுக்குமாடி வந்திருந்தால் கடற்கரைச் சாலையின் முகமே கெட்டிருக்கும். கொத்தனாரும் தச்சரும் பழைய அளவுகளில் வேலை செய்ய ஒரு வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் மூல மாளிகையைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு, அது விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. பேரிடர் என்ற தலைப்பு கிடைத்ததும் வந்த பணம், ஒழுகல் என்ற தலைப்பில் வரவில்லை.

பழைய கட்டடங்கள் ஒரே நாளில் சாவதில்லை. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் போட்ட மெட்ராஸ் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைக்கும். கைப்பிடிச் சுவரில் காக்கை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். வேர் போன வழியே நீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனையை உளுக்கவைக்கும். கன்றைப் பிடுங்க ஓர் ஆளும் ஏணியும் போதும். அதைச் செய்யாமல் விட்டு, பிறகு சிமெண்டைக் குழைத்து விரிசலில் அப்புவோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பதும் பேராசை.

புதுச்சேரியிலேயே, இடிந்தபின் கட்டுவதைவிடச் சிக்கனமான வழியொன்று ஏற்கெனவே பலித்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதி வீடுகளின் தெருமுகங்களைச் சீர்செய்தார்கள். கீழே திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும், மேலே பிரெஞ்சுச் சாயலில் மாடியுமாக நின்ற வீடுகள் அவை. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களே ஏற்றார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாராட்டும் கிடைத்தது. உள்ளறைகளைத் தொடாமல் முகத்தை மட்டும் திருத்தியது அதன் குறைதான். ஆனாலும் சொந்தக் காசு போட்டவர் ஓடு நகர்ந்தால் தாமே ஏறிப் பார்ப்பார்.

புழக்கமே பாதிக் காவல். திருச்சியில் சொக்கநாத நாயக்கர் கட்டிய அரண்மனை மண்டபம், ராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரில் அருங்காட்சியகமாக ஆள் நடமாட்டத்தோடு இருக்கிறது. மேரியின் கதை வேறு. புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2011-இல் முடிந்தது. நகராட்சி மாளிகையை மீண்டும் திறந்த நாளில், உள்ளே கூடுவதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை.

தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறி, 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை காத்திருந்த கட்டடங்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. உங்கள் ஊர் மன்றம் ஒரு பழைய மாளிகையைச் சீரமைக்கப்போவதாக அறிவித்தால், எத்தனை கோடி என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் மேல்தளத்தைப் பார்க்க யாருக்குச் சம்பளம், எந்தக் கணக்கில் என்று எழுத்தில் கேளுங்கள்.