கிரெடிட் என்னும் கூலி

'பிளாக் ஸ்வான்' (2010) படத்தின் தயாரிப்பு அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்த ஒரு பயிற்சியாளர் அங்கே என்னவெல்லாம் செய்தார் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் தீர்ப்பில் ஒரு பட்டியல் தந்திருக்கிறது. குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போட்டார். யாருக்கு என்ன மதியச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். காப்பி போட்டார். தொலைபேசியை எடுத்தார். வந்தவர்களை உள்ளே அனுப்பினார். இயக்குநர் டேரன் அரொனாஃப்ஸ்கிக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

2011இல் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின்மீது கூலி கேட்டு வழக்குப் போட்ட முதல் இருவரும் ஆண்கள். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் அது பழகிய பட்டியலாகத்தான் இருக்கும். காப்பி, குப்பை, தேநீர். வீட்டில் இவற்றை அன்பு என்றும் கடமை என்றும் சொல்லிக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். இங்கே அதன் பெயர் கல்வி.

2013 ஜூனில் கீழ் நீதிமன்றம் அவர்களைத் தொழிலாளர்கள் என்றது. 2015 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்து வேறொரு கேள்வியை முன்வைத்தது: இந்த ஏற்பாட்டில் அதிக ஆதாயம் யாருக்கு, பயிற்சியாளருக்கா நிறுவனத்துக்கா? அதை எடைபோட ஏழு அம்சங்களைச் சொன்னது. அவற்றில் ஒன்று, வேலை படிப்போடு இணைந்திருக்கிறதா, அதற்குக் கல்லூரி கிரெடிட் உண்டா என்பது. 2018 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இதே அளவுகோலை ஏற்றுக்கொண்டது. கிரெடிட் ஒன்றே வழக்கைத் தீர்த்துவிடாதுதான். ஆனாலும் சம்பளம் தர விரும்பாத நிறுவனத்துக்குக் கல்லூரியின் கடிதம் ஒரு கவசம்.

இந்த இடத்தில்தான் 'லாஸ் ஏஞ்சல்ஸ் செமஸ்டர்' வருகிறது. எமர்சன், இத்தாக்கா, சிராக்யூஸ், பாஸ்டன் பல்கலைக்கழகம், டெக்சஸ் பல்கலைக்கழகம் என்று ஹாலிவுட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் பல கல்வி நிறுவனங்கள் திரைத்துறைக் கனவுள்ள மாணவர்களை ஒரு பருவத்துக்கு அங்கே அனுப்புகின்றன. பகலில் தயாரிப்பு நிறுவனத்திலோ ஏஜென்சியிலோ வேலை, மாலையில் துறைசார்ந்தவர்கள் நடத்தும் வகுப்பு. எமர்சன் கல்லூரி சன்செட் பூலவார்டிலேயே தாம் மேனின் மார்ஃபோசிஸ் நிறுவனத்தைக் கொண்டு பத்து மாடிக் கட்டடம் எழுப்பி 2014இல் திறந்தது. இரண்டு பக்கமும் விடுதிக் கோபுரங்கள், நடுவில் வளைந்து நெளியும் வகுப்பறைத் தொகுதி. அழகான கட்டடம், சந்தேகமில்லை. ஹாலிவுட்டுக்குள் நுழைய ஒரு வாசல் கட்டியிருக்கிறோம் என்று அது தெருவைப் பார்த்துச் சொல்கிறது.

அந்த வாசலில் பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள். மாணவி கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறாள். அந்தக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கிரெடிட்டில் ஒரு பகுதி அவள் வேறொருவருக்குச் செய்யும் வேலைக்கானது. அதாவது தன் உழைப்பைக் கொடுப்பதற்குத் தானே பணம் கட்டுகிறாள். மேலே வாடகை, மேலே கார், ஏனெனில் அந்த ஊரில் கார் இல்லாமல் காப்பிகூட வாங்கிவர முடியாது. 2013 தீர்ப்புக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பல குறைந்தபட்சக் கூலியாவது தரத் தொடங்கின. அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் சிறிய தயாரிப்பாளர்களிடமும் மேலாண்மை அலுவலகங்களிலும் கிரெடிட்டே கூலி என்ற வழக்கம் தொடர்கிறது.

எல்லாம் காப்பி வேலை என்று ஒதுக்கவும் முடியாது. பயிற்சியாளர்களுக்குத் தரப்படும் முக்கியமான வேலைகளில் ஒன்று 'கவரேஜ்'. குவியும் திரைக்கதைகளைப் படித்து, கதையைச் சுருக்கி, எடுக்கலாமா வேண்டாமா என்று கருத்து எழுதிக் கொடுப்பது. மேலதிகாரி திரைக்கதையைப் படிப்பதில்லை, அந்தச் சுருக்கத்தைத்தான் படிக்கிறார். இது வாசிப்பும் விமர்சனமும் வேண்டிய வேலை. இருபது வயதுப் பெண்ணின் ரசனையை நிறுவனம் நம்புகிறது. அதற்குக் காசு கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை. இதிலும் புதுமை இல்லை. பழைய ஸ்டூடியோக்கள் தட்டச்சு செய்த, கோப்பு அடுக்கிய, திரைக்கதை வாசித்த பெண்களின்மீதே ஓடின என்பதை எரின் ஹில் 'நெவர் டன்' (2016) என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

கூலியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. சம்பளம் இல்லாதவள் 'ஊழியர்' இல்லை. ஊழியர் இல்லையென்றால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் யாரைப் பாதுகாக்கும்? இது வறட்டுத் தர்க்கம் அல்ல. 2013 அக்டோபரில், ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் சம்பளமில்லாமல் பயிற்சியில் இருந்த இளம்பெண் தன் மேலதிகாரிமீது கொண்டுவந்த பாலியல் துன்புறுத்தல் கோரிக்கையை நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் சொன்னது நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிபதி போகவே இல்லை. சம்பளம் வாங்காதவர் நகரத்தின் மனித உரிமைச் சட்டத்தின்படி ஊழியர் ஆகமாட்டார், அவ்வளவுதான். எதிர்ப்பு கிளம்பியபின் 2014இல் நியூயார்க் நகரமும் மாநிலமும் சட்டத்தைத் திருத்தின. கலிஃபோர்னியாவில் சம்பளமில்லாப் பயிற்சியாளர்களை வெளிப்படையாகப் பாதுகாக்கும் சட்டம் 2015 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பெண்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தன.

(அதே 2013இல் நம் நாட்டில் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் பயிற்சியாளரை ஊழியர் என்றே வரையறுக்கிறது. ஏட்டில் நாம் முந்திவிட்டோம். ஏடு படப்பிடிப்புத் தளத்தை எந்த அளவு எட்டியது என்பதற்கு 2024இல் வெளியான ஹேமா குழு அறிக்கை இருக்கிறது.)

கிட்டி கிரீன் இயக்கிய 'தி அசிஸ்டென்ட்' (2019) இந்த செமஸ்டரின் அடுத்த அத்தியாயம். ஹார்வி வைன்ஸ்டீனைப் பற்றிய செய்திகள் 2017 அக்டோபரில் வெளிவந்ததற்குப் பின் எடுக்கப்பட்ட படம். ஆனால் அதில் வைன்ஸ்டீன் இல்லை. முதலாளியின் முகமே இல்லை. தொலைபேசியில், சுவருக்கு அப்பால், ஒரு குரல் மட்டும். நியூயார்க் தயாரிப்பு அலுவலகம் ஒன்றில் ஜூலியா கார்னர் நடிக்கும் ஜேன் என்ற கடைநிலை உதவியாளரின் ஒரே ஒரு நாள்தான் கதை. நல்ல பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, தயாரிப்பாளராகும் கனவோடு வந்தவள். விடியுமுன் வந்து விளக்குப் போடுகிறாள். நகலெடுக்கிறாள். முதலாளி அறையின் சோபாவிலிருந்து கறையைத் தேய்த்து எடுக்கிறாள். தரையில் கிடக்கும் காதணியைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துகிறாள்.

சோபாவைத் தேய்க்கும் அந்தக் காட்சியில் இசை இல்லை, அதிர்ச்சி இல்லை. பாத்திரம் துலக்குவதுபோலத் துலக்குகிறாள். அவளுக்குத் தெரியும். அங்கே எல்லோருக்கும் தெரியும். படத்தின் நுட்பம் இங்கே இருக்கிறது: வன்முறையைக் காட்டாமல், வன்முறைக்குப் பிந்தைய வீட்டுவேலையைக் காட்டுகிறது. அதைச் செய்யவும் ஒரு பெண்ணைத்தான் அமர்த்தியிருக்கிறார்கள்.

புதிதாக வேலைக்கு எடுத்த இளம்பெண் ஒருத்தியை ஹோட்டலில் விட்டுவரச் சொல்கிறார்கள். ஜேன் மனிதவள அதிகாரியிடம் போகிறாள். மாத்யூ மக்ஃபேடியன் அந்த அதிகாரியைக் கொடூரனாக நடிக்கவில்லை, அக்கறையுள்ள ஆசிரியரைப்போல நடிக்கிறார். உனக்கு என்னவாக வேண்டும் என்று கேட்கிறார். தயாரிப்பாளர் என்கிறாள். அந்தக் கனவையே எடுத்து அவள் கழுத்தில் வைக்கிறார்: இந்தப் புகாரால் அதைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாயா? அவள் கிளம்பும்போது, நீ பயப்பட வேண்டாம், அவருடைய ரசனைக்குரியவள் நீ இல்லை என்கிறார். அவள் இருக்கைக்குத் திரும்புமுன் செய்தி முதலாளிக்குப் போய்விடுகிறது. பக்கத்து மேசையின் இரண்டு ஆண் உதவியாளர்கள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, மன்னிப்பு மின்னஞ்சலை எப்படி எழுத வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். படத்தில் அவளுக்கு யாராவது பொறுமையாக எதையாவது கற்றுக்கொடுக்கும் இடம் இதுதான்.

கல்லூரிகள் சார்பாக ஒன்று சொல்லப்படுவது உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. உறவுக்காரர் இல்லாத, பணக்காரத் தந்தை இல்லாத பெண்ணுக்கு ஹாலிவுட்டில் வேறு எந்த வழி? கல்லூரிதான் அவளுக்குச் சிபாரிசு, கல்விக்கடனும் உதவித்தொகையும் அந்தப் பருவத்துக்குச் செல்லும், பிரச்சினை என்றால் பேச ஓர் ஒருங்கிணைப்பாளராவது இருப்பார். தனியாகப் போய்ச் சிக்குவதைவிட இது மேல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளரின் நிலையை யோசியுங்கள். அடுத்த பருவத்துக்கும் அதே நிறுவனத்திடம்தான் அவர் இடம் கேட்டு நிற்க வேண்டும். புகார் செய்த மாணவியை அவர் அங்கிருந்து விலக்கிக்கொள்ள முடியும். மேலதிகாரியை விலக்க முடியாது. கிரெடிட் போகும், செமஸ்டர் போகும், கட்டிய பணம் போகும். எல்லாம் அவளுடையது.

இந்தத் திட்டங்கள் மூடப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி தராத நிறுவனத்துக்கு மாணவிகளை அனுப்பமாட்டோம் என்று கல்லூரிகள் சேர்ந்து சொன்னால் போதும். இலவச வாசகரும் இலவசக் காப்பியும் நிற்கும் நாளில் நிறுவனங்கள் பேச்சுவார்த்தைக்கு வரும். எந்த நிறுவனத்திலிருந்து மாணவிகள் பாதியில் திரும்பினார்கள் என்ற பட்டியலையும், முன்னாள் மாணவர்களின் வெற்றிப் படங்கள் போடும் அதே பக்கத்தில் வெளியிடட்டும்.

'தி அசிஸ்டென்ட்' முடியும்போது இரவாகிவிட்டது. ஜேன் எதிரே உள்ள கடையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்கிறாள். அவருடைய பிறந்தநாளை மறந்திருந்தாள். அவர் கோபிக்கவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்கிறார், உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, இது பெரிய வாய்ப்பு என்கிறார். அவள் எதுவும் சொல்வதில்லை. கண்ணாடிக்கு வெளியே, முதலாளியின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.