திருஷ்டிப் பொட்டு வைத்த பீங்கான்

மண்பானை வாங்கும்போது என் அம்மா ஒரு காரியம் செய்வார். பானையை இடக்கையில் தூக்கிப் பிடித்து, வலக்கை நடுவிரலை மடக்கி, அதன் வயிற்றில் ஒரு சுண்டு சுண்டுவார். ‘ணங்’ என்றால் பணம் கொடுப்பார். ‘டொக்’ என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது என்று பொருள்.

போன மாசியில் திருச்சி மேலப்புலிவார்டு ரோட்டுக் கடை ஒன்றில், அதே விரலை மடக்கி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் பீங்கானைச் சுண்டினார். ‘ணங்’. ஓசை ஒரு கணம் பீங்கானுக்குள்ளேயே சுற்றிவிட்டு அடங்கியது. கடைக்காரர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நாங்களும் வண்டியிலேர்ந்து இறக்கினதும் அப்படித்தாம்மா தட்டிப் பாப்போம்” என்றார்.

எங்களுக்கு மண்ணச்சநல்லூர். வீடு கட்டுகிறவர்கள் பூமிநாதரிடம் வந்து வேண்டிக்கொள்ளும் ஊர் அது. நாங்கள் வீடு கட்டவில்லை. கொல்லையில் இருந்த பழைய கழிவறையை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டோம், அவ்வளவுதான். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டைல்ஸுக்கும் கொத்தனார் கூலிக்கும் போக, சாமான் வாங்க மிஞ்சியது 18,000 ரூபாய். வெஸ்டர்ன், வாஷ் பேசின், குழாய்கள், ஷவர், கைப்பிடி எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

கையில் காசு குறைவாக இருந்தால் கண் கூர்மையாகிவிடுகிறது. அன்று அந்தக் கடையில் நாலு மணி நேரம் இருந்தோம். அழகான பொருள்களை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது.

முதலில் வெள்ளை. அப்பா அரிசி மில்லில் இருந்தவர். சாம்பிள் அரிசியை உள்ளங்கையில் பரப்பி, வாசல் வெளிச்சத்துக்குப் போய்த்தான் பார்ப்பார். மில்லுக்குள் இருக்கும் விளக்கை நம்ப மாட்டார். அம்மா அதே கண்ணோடு, “இத வெளிய எடுத்து வைக்க முடியுமா தம்பி?” என்று கேட்டார். கடைக்குள் ஒரே வெள்ளையாகத் தெரிந்த பீங்கானும் பேசினும் வெயிலுக்கு வந்ததும் பிரிந்துவிட்டன. ஒன்று பால் வெள்ளை. மற்றது லேசாக நீலம் ஓடிய வெள்ளை, சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டிபோல. தனித்தனியாக இரண்டும் அழகுதான். ஒரே அறையில் எதிரெதிரே நின்றால் ஒன்று மற்றதை அழுக்காகக் காட்டிவிடும். வேறு பேசினை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்கள். இப்போது இரண்டும் ஒரே உலையில் வெந்த சோறு.

வெந்தது என்பது வெறும் உவமையில்லை. சீனாக்களி, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் சேர்த்துக் கூழ்போலக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் சுவரோரமாகக் களி தோல் கட்டும். மிச்சக் கூழை வடித்துவிட்டு, அச்சைப் பிரித்து, ஈர ஸ்பாஞ்சால் ஓரம் துடைத்து, காயவைத்து, மேற்பூச்சு தெளித்து, சுமார் 1200 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். காய்ந்து சுட்டு வெளியே வரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். நம் வீட்டுக்கு வருவது இப்படிச் சுருங்கிய உருவம்தான். எங்கே எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே எண்ணி அச்சு செய்தவருடைய கணக்கு அதற்குள் இருக்கிறது. கணக்கு கொஞ்சம் தப்பினாலும் பீங்கான் கோணிக்கொள்ளும்.

கோணலைப் பார்க்கச் சமதளத் தரை போதும். அம்மா சுண்டிய முதல் பீங்கானைத் தரையில் வைத்து ஒரு மூலையை அமுக்கினேன். எதிர் மூலை மயிரிழை எழும்பித் தாழ்ந்தது. ஓசை நன்றாக இருந்தும் அது போயிற்று. வெள்ளைச் சிமெண்டை அடியில் அப்பி இந்தக் குறையை மூடிவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஆள் உட்கார்ந்து எழும்போதும் அந்த மூலை தன் வேலையைக் காட்டும். இரண்டாவது பீங்கான் கல்லுரல்போல அசையாமல் நின்றது.

பிறகு அதைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தோம். பூச்சு ஏறாத, சொரசொரப்பான விளிம்பு அங்கேதான் உண்டு. அம்மா தண்ணீர் பாட்டிலில் விரல் நனைத்து அங்கே ஒரு சொட்டு வைத்தார். மண்பானையாக இருந்தால் உடனே குடித்திருக்கும். இந்தச் சொட்டு தாமரை இலைத் தண்ணீராக அப்படியே நின்றது. கழிவறைப் பீங்கானுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2556. நன்றாக வெந்த பீங்கான் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்பது அதன் கணக்கு. தண்ணீர் புகாத உடம்பில் நாற்றமும் புகாது. இவ்வளவு பெரிய சங்கதிக்கு அம்மாவின் விரல் நுனிச் சொட்டு சாட்சி சொன்னது.

இனி விளிம்பின் உட்பக்கம். தண்ணீர் சுற்றி இறங்கும் மடிப்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவ வேண்டும். யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதனால் ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றுவதும் இங்கேதான். மலிவுப் பொருளில் இந்த இடம் உப்புத்தாள்போல இருக்கும். எங்கள் போர் தண்ணீருக்கு அது போதும். ஆறே மாதத்தில் உப்பு படிந்து மஞ்சள் பற்றிவிடும். இந்தப் பீங்கானில் விரல் வழுக்கிக்கொண்டே முழு வட்டம் வந்தது. நடுவே சின்னச் சின்னத் துளைகள். அவை நேர்கீழாக இல்லாமல் ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தன. அம்மா பாட்டில் தண்ணீரை விளிம்போரம் சாய்த்து ஊற்றினார். பெருவளை வாய்க்காலில் மடை திறந்து தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. தண்ணீர் சுவரைத் தழுவிக்கொண்டே சுழன்று, ஒரு இடமும் விடாமல் நனைத்து, நடுக்குழிக்கு வந்து சேர்ந்தது. “நல்லா பாயுது” என்றார். வயலைப் பார்த்துச் சொல்லும் அதே குரல்.

அந்த நடுக்குழியில் நிற்கும் தண்ணீருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். குழாய் வளைந்து ஏறி இறங்கும் கழுத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்குகிறது. செப்டிக் டாங்கின் வாடைக்கும் நம் மூக்குக்கும் நடுவே இருப்பது இந்த ஒரு கைப்பிடித் தண்ணீர்தான். கதவில்லை, தாழ்ப்பாள் இல்லை, தேய்ந்துபோகிற பாகம் ஒன்றும் இல்லை.

உயரமும் பார்த்தாக வேண்டும். அம்மா உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். நடுக்கடையில் உட்காரக் கூசினார். கடைக்காரர் எங்களைப் பார்க்கவே இல்லை. “இந்த பில் புக்க எங்க வச்சேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். பில் புக் மேசைமேல் விரித்தபடி கிடந்தது. அம்மா உட்கார்ந்து, எழுந்து, இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்தார். முட்டி முனகவில்லை. கடைக்காரர் திரும்பி வந்தபோது நாங்கள் இருவரும் குழாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரிலிருந்து துறையூர் சாலையில் போனால் திருவெள்ளறை. அங்கே தந்திவர்மப் பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. ஊரார் வாயில் நாலுமூலைக் கேணி. சுற்றுலாப் பலகையில் ஸ்வஸ்திகா கிணறு. நாலு பக்கமும் படிக்கட்டு நேரே இறங்கி, சட்டென்று ஒரு பக்கம் மடங்கித் தண்ணீரைத் தொடும். அந்த ஒரு மடிப்பால், ஒரு துறையில் குளிக்கிறவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. கதவும் திரையும் இல்லாமல் கல்லை மடித்தே மானத்தைக் காத்திருக்கிறார்கள். பில் புக்கைத் தேடிப் போன கடைக்காரரும் அப்படித்தான் ஒரு மடிப்பு மடங்கினார்.

இந்த மாதிரி யோசனை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. முசிறி சாலியர் தெருவில் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் அமைத்த பொதுக்கழிவறையின் பீங்கானை ஒருமுறை குனிந்து பார்த்திருக்கிறேன். மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றும் கலக்காமல் தனித்தனியே இறங்க மூன்று வழி. கலக்காததால் மூன்றுமே வயலுக்கு உதவும். வந்து போகிறவருக்குத் தடவைக்குப் பத்து பைசா கொடுத்த கழிவறை அது. அதற்குப் பின்னால் இருந்த சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ. கிராமங்களில் கழிவறை கட்டிய ‘கிராமாலயா’ தாமோதரனுக்கு 2022இல் அதே விருது. இரண்டு பேரும் திருச்சிக்காரர்கள்.

குழாய்களுக்கு வருவோம். பீங்கான் உட்கார்ந்த இடத்தில் இருக்கும். குழாய் நாள் முழுக்க உழைக்கும். அதனால் அதில் சிக்கனம் பார்க்கவில்லை. மேலே எல்லாமே கண்ணாடிபோல மின்னும் குரோமியம்தான். உள்ளே என்ன என்று கேட்க வேண்டிய இடம் மரை. குழாயைத் திருப்பி மரைப்பக்கம் பார்த்தால் பூச்சு ஏறாத இடத்தில் உலோகத்தின் சொந்த நிறம் தெரியும். சாம்பல் வெளுப்பாக இருந்தால் துத்தநாகக் கலவை. மஞ்சளாக இருந்தால் பித்தளை. கையில் வைத்தால் எடையே சொல்லிவிடும்: ஒரே அளவுள்ள இரண்டு பிப் காக்கில் ஒன்று விளையாட்டுச் சாமான், மற்றது படிக்கல்.

பிறகு கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். பழைய குழாயில் ரப்பர் வாஷர் நசுங்கித் தண்ணீரை அடைக்கும். நாலு சுற்று சுற்ற வேண்டும். இதில் கண்ணாடிபோல மெருகிட்ட இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. துளையும் துளையும் நேரானால் தண்ணீர், விலகினால் நிற்கும். கால் சுற்று போதும். நல்லதில் அந்தக் கால் சுற்று முழுக்க ஒரே இறுக்கம், நெய்யில் கரண்டி திருப்புகிற மாதிரி. மட்டமானதில் நடுவே ஒரு சின்ன ‘கரக்’. வாதம் பிடித்த விரல்களுக்கு அந்த ‘கரக்’ எவ்வளவு பெரிது என்று அம்மாவின் முகம் சொல்லிற்று.

வாஷ் பேசினில் என்னை மயக்கியது சோப்பு வைக்கும் பள்ளம். அதன் நடுவிலிருந்து பேசின் குழிவரைக்கும் நூல் அகலத்தில் ஒரு வாய்க்கால். சோப்பு தண்ணீரில் ஊறிக் கூழாகாமல் இருக்க, அச்சு செய்த யாரோ ஒருவர் போட்ட கோடு. அதற்குத் தனி விலை கிடையாது. பக்கத்திலேயே மூன்று மடங்கு விலையில், பூப்போட்ட பேசின் ஒன்று இருந்தது. அதில் சோப்பு வைக்க இடமே இல்லை.

பீங்கானில் ஒரு பேரம் பாக்கி இருந்தது. தள்ளுபடியில் ஒன்று மினுமினுவென்று நின்றது. மனசு அங்கேதான் ஓடியது. ஆனால் எங்கள் தெரு பிளம்பர் அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார்: “டைல்ஸ் கனத்தையும் சேத்து, சுவத்துலேர்ந்து ஓட்டையோட நடு வரைக்கும் அளந்துட்டுப் போங்க.” எங்கள் அளவு ஒன்பது அங்குலம். தள்ளுபடிக்காரனுக்குப் பன்னிரண்டு. தரையை உடைத்துக் குழாயை நகர்த்தினால் தள்ளுபடி பறந்துவிடும்.

ஆகவே கல்லுரல்போல நின்ற அந்த இரண்டாவதே. கடைக்காரர் அதைத் திருப்பி, பின்பக்கம் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். கடுகு அளவு கறுப்புப் புள்ளி. சுடும்போது எங்கிருந்தோ ஒரு துகள் ஒட்டியிருக்கிறது. “நான் சொல்லாம வித்துருக்கலாம். பின்னாடி நீங்க பாத்துட்டு வருத்தப்படக் கூடாதுல்ல. 600 குறைச்சுக்கிறேன்.”

அம்மா குனிய முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “குறையா இது? பச்சப் புள்ளைக்கு வச்ச திருஷ்டிப் பொட்டுடா” என்றார். மையைத் தொட்டு கன்னத்தில் வைக்கிற மாதிரியே காற்றில் விரலை வைத்துக் காட்டினார்.

கணக்கு இப்படி முடிந்தது: டாங்க், மூடியோடு பீங்கான் 6,800. பேசின் 2,300. குழாய்கள், ஆங்கிள் காக், ஹெல்த் ஃபாசெட், ஷவர் எல்லாம் சேர்த்து 4,700. பாட்டில் ட்ராப், வேஸ்ட் கப்ளிங், இணைப்பு ஓஸ், தரை ஜாலி என்று கண்ணில் படாத சாமான் 1,500. சுவரில் பிடித்து எழ ஸ்டீல் கைப்பிடி 900. கொள்ளிடம் பாலம் தாண்டி வீட்டுக்கு வரக் குட்டியானை வாடகை 700. ஆக 16,900. மீதி 1,100 ரூபாயை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் டைல்ஸின் நிறத்தைப் பார்க்கிறார்கள், நல்லாயிருக்கு என்கிறார்கள். அம்மா அதற்குத் தலையாட்டிவிட்டு என் மகளைக் கூப்பிடுவார்.

“பின்னாடி குனிஞ்சு பாரு. பொட்டு இருக்கா?”

பிள்ளை சுவரோரம் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டுக் கத்துவாள்: “இருக்கு பாட்டி!”