18 நிமிட அரிசி

தம்பி மகனுக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் சந்தோஷத்தில் என்னைச் சென்னைக்கு அழைத்துப்போய், ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் பல வருடங்களாக நடக்கும் இத்தாலிய உணவகத்தில் உட்கார வைத்தான். உத்திரமேரூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கிற வீடு எங்களுடையது. அதனால் நான் கேட்டது ரிசோட்டோ, அவர்கள் ஊர் அரிசிச் சாப்பாடு. ஒரு தட்டு 1,400 ரூபாய். முதல் வாய் வைத்ததும், "அரிசி வேகலையேடா" என்றேன். "அது அப்படித்தான் இருக்கும் அத்தை, நடுவுல பல்லுல படணும்" என்றான்.

அவன் சொன்னது சரிதான். சோறு விரலில் நசுங்கினால் நமக்குப் பதம். அவர்களுக்கு ஓரம் குழைந்து நடு நிற்க வேண்டும். ஆர்போரியோ, கார்னரோலி என்கிற அந்த ரகங்கள் நம் குண்டு நெல் மாதிரி குட்டையாகத் தடித்தவை. கழுவக்கூட மாட்டார்கள், கழுவினால் மேலே இருக்கும் மாவுப்பசை போய்விடும். வெங்காயத்தோடு வெண்ணெயில் அரிசியை வறுத்து, ஒயின் விட்டு அது வற்றியதும், கொதிக்கிற காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். ஏறக்குறைய 18 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பாலாடைக்கட்டியும் போட்டு அடித்துக் கலப்பார்கள். சரியாக வந்திருந்தால், தட்டை அடியில் தட்டும்போது அலை மாதிரி நகரும். என் தட்டில் நகர்ந்தது.

இப்படிப்பட்ட பழைய உணவகங்களின் பலம் இங்கேதான் இருக்கிறது. அரிசியை முக்கால் வேக்காட்டில் இறக்கிப் பரப்பி வைத்து, ஆர்டர் வந்ததும் சூடுபண்ணித் தரும் இடங்கள் நிறைய. இங்கே 25 நிமிடம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதேபோல் காக்கவும் வைத்தார்கள். எனக்காக ஒருவர் அடுப்படியில் நின்றிருக்கிறார். அந்த உழைப்புக்குக் கொடுத்த காசைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். இத்தாலியச் சாப்பாட்டில் ரிசோட்டோ முதல் சுற்று. கறியோ மீனோ அதற்குப் பின்னால் தனியாக வரும். அதனால்தான் அளவு குறைவு. நம் ஆட்கள் அதையே முழுச் சாப்பாடாக நினைத்து ஒரு தட்டு வாங்கி, பாதி வயிற்றோடு எழுந்து போகிறார்கள். இதை ஒரு வரியில் சொல்ல யாரும் முன்வரவில்லை. மெனுவிலும் ரிசோட்டோ என்ற பெயர்தான் இருந்தது, இந்த விளக்கம் இல்லை. புதிதாக வருகிறவர் கேட்கக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். வருடக்கணக்காகத் தொழில் நடத்துகிற இடத்துக்கு இது அழகில்லை.

பெரிய குறை ஒன்று உண்டு. நான் சைவம். மெனுவில் பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்கினேன். மேலே தூவியது பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். பார்மா, ரெஜ்ஜோ எமீலியா வட்டாரத்தில் குறைந்தது 12 மாதம் பழுக்க வைக்கும் அந்தப் பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கப் பயன்படுத்துவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. அவர்கள் விதிப்படி வேறு எதையும் போடக் கூடாது. கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போய் விசாரித்து வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் புள்ளி வைத்தவர்கள்மேல்தான் கோபம்.

தக்காளிகூட இத்தாலியிலிருந்து வந்த டப்பா என்று மெனு சொன்னது. தக்காளியே 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து அங்கே போனது. இத்தாலியச் சமையலின் வேர் குடியானவர் வீட்டில் இருக்கிறது. தஸ்கனியில் நேற்றைய காய்கறி சூப்பில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுபடி கொதிக்க வைத்தால் ரிபொல்லீத்தா. அதே ரொட்டியை நனைத்துத் தக்காளியோடு பிசைந்தால் பன்சனெல்லா. நம் பழைய சோற்றுக்கு இவை உறவு. அன்றைய மெனுவில் இரண்டுமே இல்லை. பக்கத்தில் விளைவதை வைத்துச் சமை என்பதே அந்தச் சமையலின் பாடம் என்றால், ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்கிற நிறுவனம் செய்கிற பாலாடைக்கட்டியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கடல் தாண்டிக் கொண்டுவருவது முறைக்கு விசுவாசம் ஆகாது. சமைக்கிற கைக்குக் கொடுப்பது நியாயம், தூரத்துக்குக் கொடுப்பது நியாயமில்லை என்பது என் கணக்கு.

கணக்குக் காட்டாத வாரியத்தாரையும் அவர் உறவுகளையும் குடவோலையில் சேர்க்காதே என்று முதலாம் பராந்தகன் காலத்தில் கல்லில் வெட்டிய ஊர்க்காரி நான். பில்லைக் கடைசி வரி வரை படித்தேன். 18 சதவீத ஜிஎஸ்டி சட்டப்படி சரி. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டலில் அதுதான் விகிதம். கூடவே 10 சதவீத சேவைக் கட்டணமும் ஏற்றியிருந்தார்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள். கேட்காத மேசைகளில் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் காஞ்சிபுரம் கோயில் இட்லிதான் மனசில் ஓடியது. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். 18 நிமிடம் கிளறியதற்கு மலைக்காமல் கொடுத்தோம். ஆனால் ஒரு துண்டு குடலை இட்லிக்குக் கடைக்காரர் பத்து ரூபாய் கூட்டினால் முகம் சுளிக்கிறோம், நானும் சுளித்திருக்கிறேன். அந்த விலை கட்டுப்படியாகாமல்தான் பல கடைகள் டம்ளரில் மாவை ஊற்றி அரைமணியில் இறக்கி, அதே பெயரில் விற்கின்றன. ரிசோட்டோவைக் குறுக்குவழியில் செய்யாமல் அந்த உணவகத்தைக் காப்பாற்றியது 1,400 ரூபாய். குடலைக்கு அப்படிக் கொடுக்க நாம் இன்னும் தயாராகவில்லை.

மறுபடி கூப்பிட்டால் அந்த உணவகத்துக்குப் போவேன். பாலாடைக்கட்டி எது என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.