வெள்ளைத்தாளில் எழுதவேண்டிய பெயர்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பெண்களுக்கு என்ன தந்தது என்று கேட்டால் அதன் 14ஆம் பிரிவைத்தான் முதலில் காட்டுவேன். நோய் முற்றித் தன்னால் முடிவெடுக்க இயலாமல் போனால் தனக்காக யார் பேசவேண்டும் என்பதை ஒருத்தி முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளும் கையெழுத்தோ கைநாட்டோ போதும். அந்த ஆள் உறவினராக இருக்கவேண்டியதில்லை. 1987 சட்டத்தில் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைக்க ஆணை கேட்டுக் கணவனோ மனைவியோ உறவினரோ நடுவரிடம் மனுப்போட முடிந்தது. அங்கிருந்து இது நெடுந்தூரம்.

ஆனால் அதே பிரிவை இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள். அவள் எழுதிவைக்காவிட்டால் அடுத்து நிற்பவர் உறவினர். ரத்தத்தால், திருமணத்தால், தத்தால் வந்த உறவு. மணமான பெண்ணுக்கு நடைமுறையில் அது கணவன். அவன் அடித்து அடித்தே அவள் தூக்கம் தொலைந்திருந்தாலும் அவன் உறவினன்தான். பிரதிநிதி ஆகிவிட்டால் சிகிச்சை விவரங்களையும் மருத்துவர் அவனிடம் சொல்லலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் இன்றும் விவாகரத்துக்கு ஒரு காரணம். அந்த மருந்துச்சீட்டு நாளை எந்தக் கோர்ட்டில் போய் நிற்கும்?

பெரும்பாக்கத்தில் இது இன்னும் இறுகுகிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே எட்டு மாடி பிளாக்குகளில் வாழ்கின்றன. கரையோரக் குடிசையில் சத்தம் கேட்டதும் ஓடிவரும் ஓர் அக்கா இருந்திருப்பாள். பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள், புருஷனை அதட்டுவாள். வெள்ளைத்தாளில் எழுதத் தகுந்த பெயர் அவளுடையது. வாரியம் வீட்டை ஒதுக்கியது குடும்பத்துக்கு. அக்கம்பக்கத்தை ஒதுக்கும் உத்தரவு எதுவும் கிடையாது. அந்த அக்கா வேறு பிளாக்கிலோ வேறு குடியிருப்பிலோ இருந்தால், எஞ்சுவது கதவுக்குள் இருக்கும் கணவன் மட்டுமே.

மாத்திரையை நான் குறைசொல்லவில்லை. (தூங்காதவளிடம் அரசியல் பேசுவது கொடுமை.) அதை விழுங்க அவள் சம்மதம் கேட்கப்படவேண்டும் என்று சட்டம் சொல்வதும் சரி. அவள் மனம் குலைந்த காரணங்களில் ஒன்றான இடமாற்றத்துக்கு அப்படியொரு சம்மதத்தை யார் கேட்டார்கள்?

அது பெரிய வழக்கு. அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் முதல் சீட்டு எழுதும் முன், கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “உனக்காக யாரும்மா பேசணும்?” என்று அவளிடம் தனியாகக் கேட்டு, சொன்ன பெயரை எழுதிக் கைநாட்டு வாங்குவது. அந்த அக்காவின் செல் நம்பர் அவளுக்கு மனப்பாடமாகவே இருக்கும்.