வெனிஸ் வணிகன்: கருணை பேசிய மன்றம்

ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களுள் அரபு வாசகரும் தமிழ் வாசகரும் ஒருங்கே அறிந்த ஒன்று 'வெனிஸ் வணிகன்'. கவிஞர் கலீல் முத்ரான் இதனைத் 'தாஜிருல் புந்துகிய்யா' என்னும் பெயரில் அரபியில் ஆக்கித் தந்தார். வெனிஸ் நகரை அரபியர் அல்புந்துகிய்யா என்றே வழங்கினர். அந்நகரின் பொற்காசுக்கும் 'புந்துகீ' என்று பெயரிட்டனர். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இதனை 'வாணீபுர வணிகன்' எனத் தழுவி எழுதினார். இரு மொழிகளிலும் நாடகம் நுழைந்தது. ஆனால் மக்கள் நினைவில் தங்கியது வணிகனின் பெயரன்று, அவனுக்குக் கடன் கொடுத்தவனின் பெயர். ஈவிரக்கமற்ற வட்டிக்காரனைச் சுட்ட 'ஷைலக்' என்ற ஒரு சொல்லே போதும் என்றாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர்களுக்கு ரிபா பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கடன்பட்டவரின் வீட்டைப் பறித்துக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவர் ஒரு ஷைலக், உஸ்தாத்" என்றார் ஒரு மாணவர். "ஷைலக்கின் இனமே அப்படித்தானே" என்றார் அடுத்தவர். வகுப்பு சிரித்தது. நானும் மறுமொழி கூறாமல் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த மௌனம் பின்னர் என்னை உறுத்தியது. முதுகலை வகுப்பில் தேர்வுக்காகப் படித்த அந்நாடகத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். நாம் வட்டிக்கு எதிரான சாட்சியாக அழைத்துவரும் இந்நாடகம், உண்மையில் நம்மிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது என்பதை அப்போது உணர்ந்தேன். அக்கேள்வியை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைப் பின்னல்

ஏறத்தாழ 1596-97இல் எழுதப்பெற்று 1600இல் முதன்முதலாக அச்சேறிய நாடகம் இது. வெனிஸ் நகரத்து வணிகன் அன்டோனியோ. அவனுடைய நண்பன் பஸானியோ, பெல்மான்ட்டில் வாழும் செல்வச் சீமாட்டி போர்ஷியாவை மணக்க விரும்புகிறான். அதற்குப் பொருள் வேண்டும். அன்டோனியோவின் செல்வமெல்லாம் கடலில் கப்பல்களில் உள்ளது. எனவே அவன் ஷைலக் என்னும் யூதனிடம் 3000 டுக்காட் பொன்னை மூன்று மாதத் தவணைக்குக் கடனாகப் பெறுகிறான். தவணை தவறினால் தன் உடலிலிருந்து ஓர் இறாத்தல் சதையை ஈடாகத் தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறான்.

பெல்மான்ட்டில் வேறொரு சோதனை. பொன், வெள்ளி, ஈயம் ஆகிய மூன்று பேழைகளுள் தன் மகளின் உருவப்படம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பவனே அவளுக்குக் கணவனாக வேண்டும் என்பது போர்ஷியாவின் தந்தை விட்டுச் சென்ற ஏற்பாடு. பஸானியோ ஈயப் பேழையைத் தேர்ந்து வெற்றி பெறுகிறான். அவ்வேளையில் அன்டோனியோவின் கப்பல்கள் மூழ்கின என்ற செய்தி வருகிறது, தவணையும் கடந்துவிடுகிறது. போர்ஷியா ஆண் வேடம் பூண்டு, சட்ட வல்லுநராக மன்றம் புகுந்து, அன்டோனியோவின் உயிரைக் காக்கிறாள். ஷைலக் தோற்கிறான். மோதிரங்களைப் பற்றிய ஒரு விளையாட்டுச் சண்டையோடும், மூன்று கப்பல்கள் கரை சேர்ந்த நற்செய்தியோடும் நாடகம் இனிதே முடிகிறது.

பேழைக் கதையும் சதைக் கதையும் பழையவை. சதைப் பத்திரக் கதை 1558இல் அச்சான 'இல் பெகொரோனே' என்னும் இத்தாலியக் கதைத் தொகுதியில் உள்ளது. அங்கே யூதன் தோற்றதும் சினத்தோடு பத்திரத்தைக் கிழித்தெறிவதோடு அவன் கதை முடிகிறது. ஷேக்ஸ்பியர் அதன்மேல் ஏற்றிய தண்டனையைப் பின்னர்க் காண்போம்.

வட்டியும் வஞ்சமும்

இப்பத்திரத்தில் வட்டி என்பதே இல்லை. அன்டோனியோ வட்டியின்றிக் கடன் கொடுத்துச் சந்தையில் வட்டி விகிதத்தைக் குறைத்துவிடுகிறான் என்பது ஷைலக்கின் பழைய குறை. ஆனால் இம்முறை அவன் ஒரு செப்புக்காசும் மிகுதியாக வேண்டாம் என்கிறான். விளையாட்டுப் போலச் சதையை ஈடாகக் கேட்கிறான். மன்றத்தில் மூன்று மடங்கு பணம் தர முன்வந்தபோதும் மறுக்கிறான். பணத்தாசை பிடித்தவன் செய்யும் செயலன்று இது. வட்டிக்காரனாக அவன் நடந்திருந்தால் 9000 டுக்காட்டோடு மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பான். அவனை அழிப்பது வஞ்சம்.

வட்டி பற்றிய விவாதம் நாடகத்தின் முதல் அங்கத்திலேயே வந்துவிடுகிறது. யாகூப் (அலை) தம் மாமனாரின் ஆடுகளை மேய்த்து, புள்ளிக் குட்டிகளைத் தமக்குரிய பங்காகப் பெற்ற பைபிள் வரலாற்றை ஷைலக் தன் தொழிலுக்குச் சான்றாகக் காட்டுகிறான். அன்டோனியோ உடனே மறுக்கிறான்: அது இழப்புக்கும் இடமுள்ள முயற்சி, விளைவு இறைவன் கையில் இருந்தது, வட்டி அத்தகையதன்று என்பது அவன் வாதத்தின் சாரம். ஆதாயம் பொறுப்பைப் பின்தொடர்வது என்னும் ஃபிக்ஹு விதியைப் பயின்றவர்க்கு இவ்வுரையாடல் மிக நெருக்கமானது. வணிகமும் வட்டியும் ஒன்றே என்று வாதிட்டோரைத் திருக்குர்ஆன் (2:275) மறுப்பதை இங்கு நினைவுகூரலாம். ஈயப் பேழையின் வாசகமும், தன்னிடம் உள்ள யாவற்றையும் கொடுத்துத் துணிபவனையே அழைக்கிறது. கடலில் கப்பல் விடுபவனும் பேழையைத் திறப்பவனும் இழக்கத் துணிந்தவர்கள். இந்த அளவில் நாடகத்தின் அறம் நமக்கு உடன்பாடானதே.

ஆனால் இவ்வறத்தைப் பேசும் அன்டோனியோ, ஷைலக்கை நாய் என்று ஏசியவன். அவன் தாடியில் உமிழ்ந்தவன். இனியும் அவ்வாறே செய்வேன் என்று கடன் கேட்கும்போதே கூறுபவன். ஷைலக்கின் மகள் ஜெஸிகா தந்தையின் பொன்னையும் மணிகளையும் எடுத்துக்கொண்டு லொரென்ஸோவுடன் இரவில் ஓடிவிடுகிறாள். தெருவிலே சிறுவர்கள் அவன் பின்னால் கூவிக்கொண்டு ஓடுகிறார்கள். விளையாட்டாக எழுதிய பத்திரம் அதன்பின்னரே கத்தியாக மாறுகிறது. மூன்றாம் அங்கத்தில், யூதனுக்கும் கண்ணும் கையும் புலன்களும் உண்டு, குத்தினால் அவனுக்கும் குருதி வரும் என்று ஷைலக் முறையிடும் பகுதி புகழ் பெற்றது. பலர் அதனை மனித சமத்துவத்தின் குரலாக எடுத்தாள்வர். ஆயின் அப்பேச்சு முடியுமிடத்தை அவர்கள் விட்டுவிடுவர். எங்களுக்குத் தீங்கிழைத்தால் உங்களைப் போலவே நாங்களும் பழிவாங்குவோம் என்றே அது முடிகிறது. இழைக்கப்பட்ட அநீதியை அவன் உண்மையாகவே எடுத்துரைக்கிறான். அவ்வுண்மையைக் கொண்டே ஒரு கொலையை நியாயப்படுத்துகிறான். பாதிக்கப்பட்டவன் என்பதால் அவன் நல்லவனாகிவிடவில்லை. குருதியை நிறுத்த ஒரு மருத்துவனை அருகில் வைக்கலாகாதா என்று கேட்டால், பத்திரத்தில் அது இல்லை என்கிறான்.

நீதிமன்றக் காட்சி

நான்காம் அங்கத்தின் மன்றக் காட்சியே நாடகத்தின் உயிர். போர்ஷியா ஷைலக்கை நோக்கிக் கருணையைப் பற்றிப் பேசுகிறாள். கருணை வற்புறுத்தலால் வருவதன்று, மழைபோல் இயல்பாக இறங்குவது, அது இறைவனின் பண்பு, நீதியைக் கருணை கொண்டு பக்குவப்படுத்தும்போதே மனித அதிகாரம் இறைமையை ஒத்திருக்கும் என்பது அவள் கருத்து. எந்தச் சமயத்தவரும் மறுக்கவியலாத உயர்ந்த வார்த்தைகள் இவை. கடனாளி இடர்ப்பட்டிருந்தால் அவகாசம் தருமாறும், விட்டுக்கொடுப்பதே மேல் என்றும் திருக்குர்ஆன் (2:280) வழிகாட்டுவதை அறிந்த நாம் அவள் பக்கமே நிற்போம்.

ஷைலக் இணங்கவில்லை. அப்போது போர்ஷியா சட்டத்தின் எழுத்தைக் கொண்டே அவனை மடக்குகிறாள். சதைக்கு உரிமை உண்டு, குருதிக்கு இல்லை. ஓர் இறாத்தல் எடுக்கலாம். மயிரிழை கூடவோ குறையவோ ஆகாது. ஓர் உயிர் தப்பியது. நாடகம் இங்கேயே நின்றிருந்தால் நம் மகிழ்ச்சி குறைவின்றி இருந்திருக்கும். நிற்கவில்லை. குடிமகன் ஒருவனின் உயிரைப் பறிக்க முயலும் அந்நியனின் சொத்தில் பாதி அக்குடிமகனுக்கு, பாதி அரசுக்கு, உயிர் கோமகனின் தயவில் என்றொரு சட்டத்தைப் போர்ஷியா எடுத்துக்காட்டுகிறாள். கோமகன் உயிர்ப்பிச்சை அளிக்கிறான். அன்டோனியோ, அரசுக்குரிய பங்கை விட்டுவிடுமாறு வேண்டுகிறான்; மறுபாதியைத் தான் பொறுப்பேற்று, பின்னர் லொரென்ஸோவிடம் சேர்ப்பதாகச் சொல்கிறான். அதற்கு இரு நிபந்தனைகள் விதிக்கிறான். ஷைலக் இறந்தபின் எஞ்சுவதெல்லாம் மகளையும் மருமகனையும் சேர வேண்டும். அவன் உடனே கிறித்தவனாக வேண்டும். இணங்காவிடில் மன்னிப்பைத் திரும்பப் பெறுவேன் என்கிறான் கோமகன். ஷைலக் சம்மதம் என்று சொல்லி, உடல்நலமில்லை, வீட்டுக்குப் போக விடுங்கள் என்று வேண்டி வெளியேறுகிறான். அதன்பின் அவன் மேடைக்கு வருவதேயில்லை.

மூலக் கதையில் இல்லாத மதமாற்ற நிபந்தனை இதுவே. அக்கால இலண்டன் பார்வையாளர் பலருக்கு இது தண்டனையாகவே தோன்றியிராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் ஆன்மாவைக் காப்பது என நம்பியோருக்கு அது கருணையின் நிறைவாகவே பட்டிருக்கும். 1290இல் முதலாம் எட்வர்ட் யூதர்களை இங்கிலாந்திலிருந்து வெளியேற்றியபின், அங்கு வெளிப்படையான யூதச் சமூகம் இருக்கவில்லை. எலிசபெத் அரசியின் மருத்துவராயிருந்த, யூத வழிவந்த லோப்பஸ் 1594இல் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சூழலில் எழுந்த நாடகம் இது. வட்டியோ, யூதர் இல்லாத அந்நாட்டிலும் இருந்தது. 1571ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்குப் பத்துவரை அதனைப் பொறுத்துக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் தந்தையே 1570இல் வட்டிச் சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்.

எனினும் நம் வாசிப்பில் இந்நிபந்தனை பெரும் உறுத்தல். கருணை வற்புறுத்தலால் வருவதன்று என்று கூறிய அதே மன்றத்தில், ஈமானை வற்புறுத்தலால் வரவழைக்கிறார்கள். மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்னும் கொள்கையுடையோர் (2:256) இதற்குக் கைதட்ட இயலாது. அந்நிபந்தனை கேட்டு மன்றத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை; கேலி பேசிய கிராஷியானோ இன்னும் கேலி பேசுகிறான்; கருணை பற்றி உரைத்த போர்ஷியா, சம்மதம்தானா என்று மட்டும் கேட்கிறாள்.

இதே மன்றத்தில் ஷைலக் எழுப்பிய ஒரு வாதத்துக்கும் விடை இல்லை. நீங்கள் அடிமைகளை விலைக்கு வாங்கிக் கழுதைகளைப் போல் வேலை வாங்குகிறீர்களே, அவர்களை விடுதலை செய்யச் சொன்னால் 'அவர்கள் எங்கள் உடைமை' என்பீர்கள். இச்சதையும் நான் விலை கொடுத்து வாங்கிய உடைமை என்கிறான் அவன். கொடிய நோக்கத்துடன் கேட்ட கேள்விதான். ஆயினும் அவையோர் வாய்திறக்கவில்லை.

மூன்று மோதிரங்கள்

ஐந்தாம் அங்கம் நிலவொளியும் இசையும் நிறைந்தது. உயிர் போனாலும் பிரிவதில்லை என்று சூளுரைத்துப் பஸானியோவும் கிராஷியானோவும் மனைவியரிடம் பெற்ற மோதிரங்களை, வழக்கை வென்ற 'வல்லுநருக்கும்' 'எழுத்தருக்கும்' கொடுத்துவிட்டனர். அவ்விருவரும் தம் மனைவியரே என அறிந்து நாணுகின்றனர், மன்னிக்கப்படுகின்றனர். சிரிப்போடு கடந்துபோகும் இக்காட்சியை மூன்றாவது மோதிரம் ஒன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது ஷைலக்கின் மனைவி லேயா, மணமாகுமுன் அவனுக்களித்த நீலப்பச்சைக் கல் மோதிரம். ஜெஸிகா அதனை ஒரு குரங்குக்கு விலையாகக் கொடுத்தாள். குரங்குகள் நிறைந்த ஒரு காட்டையே தந்தாலும் நான் அதனைக் கொடுத்திருக்க மாட்டேனே என்று ஷைலக் புலம்புகிறான். மூன்று மோதிரங்களுள் தானாகக் கைவிடப்படாதது அது ஒன்றே. வாக்குத் தவறிய இளைஞர்களுக்கு மன்னிப்பு எளிதில் கிடைக்கிறது. அந்நியனுக்கு அது நிபந்தனையோடு வருகிறது.

அந்நியர் வரிசையில் நமக்கு நெருக்கமான இன்னொருவரும் உண்டு. பெல்மான்ட்டுக்குப் பெண் கேட்டு வரும் மொராக்கோ இளவரசர், என் நிறத்துக்காக என்னை வெறுக்காதே என்றே பேசத் தொடங்குகிறார். வீரமும் கண்ணியமும் உடையவர். பொற்பேழையைத் திறந்து தோற்கிறார். ஒப்புக்கொண்ட விதிப்படி மறுபேச்சின்றி விடைபெறுகிறார். அவர் சென்றதும் போர்ஷியா, அவர் நிறத்தவர் எல்லாரும் இவ்வாறே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறாள். கருணை பற்றிப் பின்னர்ப் பேசப்போகும் நாவே இது. மொராக்கோவுடன் வணிகம் செய்ய 1585இல் ஒரு கம்பெனியை நிறுவிய நாடு இங்கிலாந்து; சுல்தான் அஹ்மத் அல்மன்சூரின் தூதர் அப்துல் வாஹித் 1600இல் இலண்டனில் வரவேற்கப்பட்டார். சரக்குக்குத் திறந்த கதவு மனத்துக்குத் திறக்கவில்லை.

நமக்குரிய பாடம்

ஷைலக் பாத்திரம் காலந்தோறும் மாறியது. 1814இல் எட்மண்ட் கீன், 1879இல் ஹென்றி இர்விங் ஆகியோர் அவனைத் துயரம் தோய்ந்த மனிதனாக நடித்துக் காட்டினர். 1943இல் நாஜிகளின் ஆதிக்கத்திலிருந்த வியன்னாவில் வெர்னர் கிராவ்ஸ் அவனை அருவருப்பின் உருவமாக்கினார். ஒரு பாத்திரத்தை ஓர் இனத்தின் முகமாக்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த ஆண்டும் அந்த நகரமும் போதிய சான்று. 1940களில் அலீ அஹ்மத் பாகஸீர் 'புதிய ஷைலக்' என்னும் அரபு நாடகத்தில், பலஸ்தீனத்தை அந்த இறாத்தல் சதையாக உருவகித்தார். நிலம் பறிக்கப்படும் ஒரு மக்களின் வேதனை அதில் உண்மையானது. அவ்வேதனையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் அநீதியை அநீதி என்று பெயர் சொல்லி எதிர்ப்பதற்கு, ஒரு சமூகம் முழுவதற்கும் ஷேக்ஸ்பியரிடமிருந்து முகமூடி இரவல் வாங்க வேண்டியதில்லை.

அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான பகுதிக்கு முஃபஸ்ஸிர்கள் கூறும் பின்னணியை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். முஸ்லிம் எனப்பட்ட ஒருவர் செய்த களவின் பழி யூதர் ஒருவர்மீது சுமத்தப்பட்டது. தம்மவருக்காக வாதாட உறவினர் திரண்டனர். வஹீ அந்த யூதரைக் குற்றமற்றவர் எனக் காட்டியது. இதனைக் கற்பித்துவிட்டு, மறுநாள் 'அந்த இனமே அப்படித்தான்' என்று கேட்டுச் சிரிப்பது எவ்வாறு பொருந்தும்?

அடுத்த ஆண்டு அதே பாடம் வந்தபோது இந்நாடகத்தின் கதையை மாணவர்களுக்கு முழுமையாகச் சொன்னேன். வட்டியின் கேட்டையும் சொன்னேன். வஞ்சத்தின் கேட்டையும் சொன்னேன். பின்னர், அந்த மன்றத்தில் உண்மையாகக் கருணை காட்டியவர் யார் என்று கேட்டேன். அன்டோனியோ என்றார் ஒருவர். கோமகன் என்றார் மற்றொருவர். சற்று நேரம் விவாதித்தார்கள். இறுதியில் ஒரு மாணவர், "கருணையைப் பற்றிப் பேசினார்கள், உஸ்தாத். பேசியவர்கள் அதைக் கேட்கவில்லை" என்றார்.

இந்த நாடகத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் பலவற்றைவிட அந்த மறுமொழி எனக்கு நிறைவளித்தது.