பளபளப்பை விட்டு ஓரத்தைப் பாருங்கள்

1957 செவ்ரோலெட் பெல் ஏர். அதன் 1/25 அளவு மாடல் 20 சென்டிமீட்டர்தான் நீளம். நண்பர் யாராவது அதற்குப் பெயிண்ட் அடித்து அலமாரியில் வைத்திருந்தால், "அட, என்ன மினுமினுப்பு!" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். மினுமினுப்பு அதில் சுலபமான வேலை.

முதலில் காரை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துக் கூரையைப் பாருங்கள். விளக்கின் பிம்பம் கோடு போட்டதுபோல் நேராக விழுந்தால் பெயிண்ட் சமமாகப் படிந்திருக்கிறது. நெளிந்து நெளிந்து தெரிந்தால் பரப்பில் மேடுபள்ளம். பெயிண்டர்கள் இதை 'ஆரஞ்சு பீல்' என்பார்கள்.

அடுத்தது கதவு இடுக்கு. நிஜக் காரில் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். மாடலிலும் அதே கனம் ஏறினால், 25 மடங்கு கணக்கில் அது இரண்டரை மில்லிமீட்டர் பூச்சு! கதவுக் கோடு அடைபட்டு, பாடியிலுள்ள எழுத்துகள் மழுங்கிவிடும். மெட்டாலிக் பெயிண்டிலும் இதே சிக்கல்: துகள் சற்றுப் பெரிதானாலும் கார் மேல் மணல் தூவியதுபோல் இருக்கும். மெல்லிய பூச்சில் நிறம் முழுதாக ஏறியிருந்தால், அடித்தவர் கைகாரர்.

ஆனால் என் கண் முதலில் போவது குரோம் பட்டைக்குத்தான். பம்பர் போன்ற தனி உதிரிகள் மாடல் கிட்டிலேயே முலாம் பூசி வரும். பக்கவாட்டுப் பட்டையும் ஜன்னல் விளிம்பும் பாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. அவற்றை மாடல் செய்பவர்தான் குரோமாக்க வேண்டும். வெள்ளிப் பெயிண்ட் தடவினால் சாம்பல் பூத்துத் தெரியும். தேர்ந்தவர்கள் பின்பக்கம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்து, புது பிளேடால் ஓரம் வெட்டுவார்கள். ஹெட்லைட் பக்கமிருந்து வால் வரை அந்த ஓரத்தைக் கண்ணால் பின்தொடருங்கள். பிளேடு ஒரு இடத்தில் வழுக்கினாலும் அடியிலுள்ள பெயிண்டில் கீறல் நிற்கும். ஒளிக்க வழியில்லை.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி பளபளக்கச் செய்திருந்தால் நான் மதிப்பெண் குறைப்பேன். பின்பக்கம் பட்டை விரியும் இடத்தில் பதித்த வரி வரியான அலுமினியத் தகடு, பம்பரைவிட மங்கலாகத்தான் இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு மேலே மூன்று சிறு அலங்காரங்களும் கிரில் வலையும் பொன்நிறம். பானட்டில் பெரிய 'வி' இருந்தால் உள்ளே வி8 எஞ்சின் என்று பொருள். திறந்து சரிபாருங்கள், ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தால் மாட்டிக்கொண்டார்!

திறப்பதற்கு முன் செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் எடுப்பதானால் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். பக்கவாட்டில் விரல் உரசினால் தாளின் ஓரம் பெயர்ந்து வந்துவிடும்.