பெற்றோர் என்பது யார்?

தலைப்பில் 'பெற்றோருக்கான தடுப்பூசி விழிப்புணர்வு' என்றிருக்கும். அடுத்த வரி 'தாய்மார்களே' என்று தொடங்கும். இடையில் அப்பா எங்கே போனார்? வகுப்பில் எழுவாயைத் தேடச் சொல்லும் நான், இத்தகைய துண்டறிக்கைகளிலும் அதையே தேடுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன் ஜீப் ஏறி, மலை தாண்டி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் பெண்கள். இன்னும் சிலருக்குத் திராட்சைத் தோட்டம். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. அன்று கூலி போகும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வியாழக்கிழமைக் கூலியும் போகும். லேசான காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணியும் என்பதைக் கணவரிடமும் மாமியாரிடமும் யார் சொன்னார்கள்? ஊசி போடக் கூட்டிப்போனவள்தான் ஏச்சு வாங்குகிறாள்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊர் தேடி வந்து போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பாதுகாப்புக்கான முடிவுதான். ஆனால் அந்தத் தூரத்தைக் கைக்குழந்தையோடு நடந்தவள் தாய். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 81 விழுக்காடு, 2015-16இல் 70. இந்தச் சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். தாயின் அறியாமை மட்டுமே காரணம் என்பதையும் ஏற்கமாட்டேன்.

2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப் வதந்தி அதை முந்திக்கொண்டது. பெண்கள் பயந்தார்கள், கேள்வி கேட்டார்கள். கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்னிச்சட்டி எடுக்கும் ஊர் இது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாமல் காத்தவர்கள் நம் பாட்டிகள். தொற்று என்ற சொல் தெரியாமலே தொற்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், அங்கிருந்து பேச்சைத் தொடங்கியிருக்கலாம்.

தடுப்பூசி வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. வேலை முடிந்து வரும் நேரத்திலும் ஊசி போடட்டும். காய்ச்சலைப் பற்றி வீட்டில் எல்லோரிடமும் சொல்லட்டும். அடுத்த அறிவிப்பில் 'அப்பா' என்றும் ஒரு சொல் இருக்கட்டும். முடிவெடுக்கும் உரிமையைத் தராமல் பொறுப்பை மட்டும் ஒருத்தியின் இடுப்பில் ஏற்றிவிட்டு, அதற்கு விழிப்புணர்வு என்று பெயர் வைக்காதீர்கள்.